கைக்குத் தெரிந்ததைக் காகிதம் ஒப்புக்கொள்ளுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால் வெளிநாட்டு வியாபாரிக்கு நினைவுக்கு வருவது ஷூவும் தோலும். நமக்கு நினைவுக்கு வருவது சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற நம் பாட்டன்மார்களின் கால்கள். பச்சைத் தோலை ஊறவைப்பது, சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழிப்பது, சதையை வழிப்பது, பதம் பார்த்து அடுத்த தொட்டிக்கு மாற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு, மழைக் காலத்துக்கு ஒரு கணக்கு. ஆட்டுத்தோலுக்கு ஒன்று, மாட்டுத்தோலுக்கு வேறொன்று. டேனரியில் வேலை செய்கிறவர்கள் அதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வார்கள்.

அதே கணக்கைச் சென்னையில் பாடமாகப் படிக்கலாம். கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். இருக்கிறது. தரமணியில் தோல் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தாவரப் பட்டைகளைக் கொண்டு பதனிடும் நம் பக்கத்து முறைக்கு ‘இ.ஐ. லெதர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குறியீடு பொருளுக்குக் கிடைத்தது. பதனிட்ட கைக்கு என்ன கிடைத்தது?

ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் மூன்று மணி நேரம்தான். ஆனால் டேனரியில் இருபது ஆண்டு வேலை பார்த்த ஒருவர் அந்தப் படிப்பின் வாசலுக்குப் போக வழி இல்லை. பத்தாம் வகுப்பு தேறவில்லை என்றால் பாலிடெக்னிக்கில் முதல் கேள்வியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. தமிழ் படிக்கும் மாணவர் அந்த நாவலை ஆராய்ந்து பட்டம் வாங்கலாம். நாவலில் வரும் வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவருக்கு ஒரு சான்றிதழும் கிடையாது. இந்த முரண்பாட்டைத்தான் இன்று பேச வேண்டும். ஏனென்றால் உயர்கல்வியில் இப்போது சில புதிய சொற்கள் வந்திருக்கின்றன. அவை நமக்கு வழி திறக்குமா, அல்லது நம்மைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்குமா என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று புதிய சொற்கள்

முதல் சொல் ‘முன்கற்றல் அங்கீகாரம்’. சுருக்கமாக ஆர்.பி.எல். என்பார்கள். பள்ளிக்கூடம், கல்லூரிக்கு வெளியே, வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதைச் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுப்பது. இந்தியாவில் 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாக இது பரவலானது. கொத்தனார், தையல்காரர், தோல் தொழிலாளி என்று வேலை தெரிந்தவர்களை அழைத்துக் குறுகிய பயிற்சியும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள்.

இரண்டாவது சொல் ‘நுண்சான்றிதழ்’. மைக்ரோ கிரெடென்ஷியல் என்று கல்லூரிகளில் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுப் பட்டத்துக்குப் பதிலாக, நாலு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று சின்னச் சின்னப் படிப்புகள். ஒன்றிய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017 முதல் இப்படிப்பட்ட இணையப் படிப்புகளைத் தருகிறது. ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை இவ்வழியில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் இடம் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் படிக்கும் திறன் பாடங்களும் இந்த வகைக்குப் பக்கத்தில் வருபவைதான்.

மூன்றாவது ‘டிஜிட்டல் பேட்ஜ்’. சாரணர் இயக்கத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் மாதிரி, இது போனில் இருக்கும் ஒரு படம். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, என்ன தேறியதற்காக, எந்தத் தேதியில் என்ற விவரம் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வேலை கொடுப்பவர் அதைத் தட்டிப் பார்த்து உண்மையா என்று சரிபார்க்கலாம். மொசில்லா நிறுவனம் 2011-இல் இதற்கு ஒரு பொது இலக்கணம் போட்டது. இன்று உலகம் முழுவதும் அந்த வழியில்தான் பேட்ஜ்கள் வழங்கப்படுகின்றன.

இந்த மூன்றையும் கோத்து வைக்கும் கயிறு ‘கிரெடிட்’. 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கி வந்தது. மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் அதில் சேமிப்பாக இருக்கும். பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை செல்லும். 2023 ஏப்ரலில் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வந்தது. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். பள்ளிப் படிப்பு, தொழிற்கல்வி, வேலை அனுபவம் மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கப் போகிறோம் என்று அந்தக் கட்டமைப்பு சொல்கிறது. பத்தாம் வகுப்பு 3-ஆம் நிலை, பன்னிரண்டாம் வகுப்பு 4-ஆம் நிலை, மூன்றாண்டுப் பட்டம் 5.5, முனைவர் பட்டம் 8 என்று படிகள் வகுத்திருக்கிறார்கள்.

காதில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏழு ஆண்டுக்கு மேல் ஒரே விலை

ஒரு டேனரித் தொழிலாளி நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் 2,400 மணி நேரம். இருபது ஆண்டுக்கு 48,000 மணி நேரம். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் அது நாற்பது ஆண்டுப் படிப்பு. செய்ததையே திரும்பச் செய்வதெல்லாம் கற்றல் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு கற்றல் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு ஆண்டுப் படிப்பு அங்கே இருக்கிறது.

கட்டமைப்பின் விதி வேறு மாதிரி. சோதித்துப் பார்க்காமல் கிரெடிட் இல்லை என்பது முதல் விதி. இது நியாயம். படித்துப் பெற்ற கிரெடிட்டோடு அனுபவத்துக்கு ஒரு பெருக்கல் எண் தருவார்கள் என்பது அடுத்தது. அதிகபட்சம் இரண்டு மடங்கு. ஏழு ஆண்டு அனுபவத்தைத் தாண்டினால் அந்த இரண்டு மடங்கு கிடைத்துவிடும். அதற்கு மேல் பத்தாண்டானாலும் முப்பதாண்டானாலும் அதே இரண்டுதான். ஆக, படிப்பு இருந்தால் அனுபவம் அதைப் பெருக்கும். படிப்பே பூஜ்யம் என்றால்? பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போக உதவ வேண்டியது முன்கற்றல் அங்கீகாரம். அது நடக்கிறதா? பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு காலனியில் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். ஒரு முகாமில் அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

“இன்னா தம்பி பண்றது இத வச்சி? தோல தொட்டாலே சொல்லிடுவேன், சுண்ணாம்பு பத்தலன்னு. அத எழுதிக் குடுத்துக்கீறாங்க. கூலி ஏறல, வேலையும் மாறல. எம்புள்ள காலேஜ் சேர்றப்போ இத காட்டலாமான்னு கேட்டேன். இது உனுக்குத்தான், அவனுக்கில்லன்னு சிரிச்சாங்க.”

அவர் கையில் இருப்பது பொய்ச் சான்றிதழ் அல்ல. அவருக்குத் தெரிந்ததைத்தான் அது சொல்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் திறக்கிற வாசல் ஒன்றுகூட இல்லை. இவ்வகைச் சான்றிதழ்கள் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே கொடுக்கப்படுகின்றன. அங்கிருந்து அடுத்த படி எது, அதற்கு எத்தனை மாதம், யார் கட்டணம் கட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை.

தென்னாப்பிரிக்கா கேட்ட கேள்வி

இந்த முன்கற்றல் அங்கீகாரம் என்ற கோரிக்கை எங்கோ அலுவலக மேசையில் மட்டும் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் இயந்திரத்தை இயக்கினார்கள், பழுது பார்த்தார்கள், புதிதாக வந்த வெள்ளையருக்குக் கற்றும் கொடுத்தார்கள். திறன் தொழிலாளி என்ற பெயரும் அதற்கான கூலியும் வெள்ளையருக்குப் போனது. இனம் பார்த்துத்தான் பயிற்சியும் சான்றும் கொடுத்தார்கள். இதைத் தொழிற்சங்கங்கள் கேள்வி கேட்டன. எங்களுக்குத் தெரிந்ததை ஒப்புக்கொள், அதற்கேற்ற கூலி கொடு, மேலே படிக்க வழி விடு என்றார்கள். நிறவெறி வீழ்ந்த பின் 1995-இல் அங்கே தகுதி ஆணையச் சட்டம் வந்தபோது, கடந்த கால அநீதிக்குப் பரிகாரம் என்ற சொல்லும் சேர்ந்தே வந்தது.

அங்கும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. சோதிப்பதற்கு ஆளும் பணமும் போதவில்லை. ஆனாலும் மேற்கு கேப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் 23 வயது கடந்தவர்கள், பள்ளி இறுதித் தகுதி இல்லாவிட்டாலும், தம் அனுபவத்தைத் தொகுத்துக் காட்டியோ தேர்வு எழுதியோ பட்டப்படிப்பில் சேர முடிகிறது. அந்தத் தொகுப்பை எழுதுவதற்கே பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுக்கிறது. நாம் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே முன்கற்றல் அங்கீகாரம் என்பது, உன் வேலையை நன்றாகச் செய்கிறாய் என்று முதுகில் தட்டிக் கொடுப்பதாக நிற்கவில்லை. உன்னை உள்ளே விடாமல் வைத்திருந்த கதவு இது, இப்போது திற என்பதாக இருந்தது.

சாதித் தொழிலுக்குச் சான்றிதழா?

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. இங்கே வேலை என்பது ஒருவர் தேர்ந்தெடுத்தது அல்ல. பெரும்பாலும் பிறப்பு ஒட்டவைத்தது. நமக்கு ஊர் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் கொடுத்து வைத்திருக்கிறது. அதற்குத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது. செத்த மாட்டைத் தூக்கு, சாவுக்குப் பறை அடி, சாக்கடை அள்ளு என்பதே அந்தச் சான்றிதழ். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே எடுத்துக் காட்டினார். அப்படி அடுக்கப்பட்டவரிடம் போய், உன் பரம்பரைத் திறனுக்கு அரசு முத்திரை தருகிறோம் என்று மட்டும் சொன்னால், ஊர் கொடுத்த சான்றிதழுக்கு நகல் எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று இருந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு வெடித்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு ‘விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கியபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அது ஏற்கப்படாததால், சாதியோ குடும்பத் தொழிலோ பார்க்காமல் 35 வயது கடந்தவர்களுக்கு 25 தொழில்களில் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ என்று தனியாகக் கொண்டுவந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டிய நேரத்தில் அவன் கையில் பரம்பரைக் கருவியைக் கொடுக்கக் கூடாது என்பதே அந்த வயது வரம்புக்குள் இருக்கும் நியாயம்.

முன்கற்றல் அங்கீகாரத்துக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்குத் துப்புரவிலேயே மேல் நிலைச் சான்றிதழ் கொடுப்பது அங்கீகாரமா? கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு எங்கே நிற்கும், எந்தப் பருவத்தில் அடைப்பு வரும், எந்தத் தெருவின் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு நகராட்சிப் பொறியியலுக்கு வேண்டிய அறிவு. அதைக் கணக்கில் எடுத்துப் பாலிடெக்னிக்கில் சிவில் பட்டயத்துக்கு வழிவிட்டால் அது அங்கீகாரம். அதே மலக்குழிக்கு இன்னொரு அடையாள அட்டை கொடுத்தால் அது வேறு. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கும் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்காகப் பரம்பரைக் கலையை எல்லாம் உதறிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இழிவென்று ஒதுக்கிய தோற்கருவிக்கு இன்று மேடை இருக்கிறது. 2025-இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நகரத்துப் பிள்ளைகள் பணம் கட்டிப் பறை கற்கிறார்கள். கற்றுக் கொடுக்கும் ஆசான் கல்லூரியில் ஆசிரியராக முடியுமா? பட்டம் இல்லாவிட்டாலும் துறை வல்லுநர்களை நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கம்பெனி அதிகாரிகளுக்கு மட்டும் அந்த நாற்காலியா, பறை ஆசானுக்கும் உண்டா? உங்கள் பகுதிக் கல்லூரியில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் பட்டியல் சமூகத்தவர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்க ஆகும் செலவு பத்து ரூபாய்.

‘சேர்க்கை’ என்ற சொல்லில் தொங்கும் உரிமைகள்

மாணவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. நம் சமூகம் கல்லூரிக்குள் நுழைந்தது தயவால் அல்ல, மூன்று உரிமைகளால். ஒன்று இட ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். இரண்டாவது, 1944-இல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இன்று குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது கிடைக்கிறது. மூன்றாவது விடுதி. அண்மையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ என்று மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்தது.

இவை எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ‘சேர்க்கை’ என்பதே அந்த ஆணி. அங்கீகரிக்கப்பட்ட ஒரு படிப்பில், ஒரு நிறுவனத்தில், முறையாகச் சேர்ந்திருந்தால்தான் இந்த உரிமைகள் நடைமுறைக்கு வரும். பட்டத்தை உடைத்து எட்டு வாரத் துண்டுகளாக்கி, யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆக்கும்போது அந்த ஆணி எங்கே இருக்கும்? ஒரு தனியார் இணையப் படிப்பில் 18 சதவீதம் யாருக்கு? அந்த எட்டு வாரத்துக்கு உதவித்தொகை யார் தருவார்கள்? வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலையிலிருந்து வந்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் பெண் பிள்ளைக்கு விடுதி அறை போல ஓர் இடம் யார் கொடுப்பார்கள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிய கல்விக் கொள்கையில் ஓராண்டு படித்து வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று இடையில் இறங்கும் வசதி வைத்திருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இறங்கினால் மறுபடி ஏறிக்கொள்ளும். கட்டணம் கட்ட முடியாமல் இறங்கும் நம் பிள்ளைக்கு மறுபடி ஏற பஸ் வருமா? நேற்று வரை ‘இடைநிற்றல்’ என்று அரசு பதில் சொல்ல வேண்டியிருந்த ஒன்று, நாளை ‘சான்றிதழ் பெற்றவர்’ என்ற கணக்கில் மறைந்துவிடக் கூடாது.

அரசு வேலையில் என்ன மதிப்பு என்பதும் முக்கியம். 2009 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் பணியாளர் துறை 107-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்பது அதன் சாரம். வயதைப் பார்த்து, வாழ்க்கை அனுபவத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட படிப்பு, வேலை கேட்கும்போது செல்லாக்காசு ஆனது. ஒரு கையால் அங்கீகாரம் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் இந்தக் கதை நுண்சான்றிதழிலும் நடக்கக் கூடாது. எனவே டி.என்.பி.எஸ்.சி. கனவோடு இருக்கும் தம்பி, தங்கைகள் இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் சின்னதல்ல. கிரெடிட் வங்கிக் கணக்கும் டிஜிலாக்கரும் ஆதாரோடு இணைந்தவை. ஆதாரில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் இன்னொரு எழுத்து என்பது நம் காலனிகளில் சாதாரணம். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், மற்றொன்றில் அப்பா பெயர் முழுவதுமாக இருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பேட்ஜ் ஒருவருக்கு, பட்டம் ஒருவருக்கு, உதவித்தொகை யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே எல்லாச் சான்றுகளிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

முன்கற்றல் அங்கீகாரத்தை நாம் எதிர்க்கவில்லை. அதை முழுதாகக் கொடுங்கள் என்கிறோம்.

முதலில், ஒவ்வொரு முன்கற்றல் சான்றிதழிலும் அடுத்த படி எது என்று எழுதியிருக்க வேண்டும். எந்த ஐ.டி.ஐ., எந்தப் பாலிடெக்னிக், எத்தனை மாத இணைப்புப் படிப்பு என்பது வெளிப்படையாக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஏணியின் அடியில் இன்னொரு படி வைத்தால் போதும்.

அடுத்து, வேறு துறைக்கு மாறும் உரிமை வேண்டும். ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நம் பெண்களின் அனுபவம் ஆசிரியர் பயிற்சியில் கணக்காக வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களின் அனுபவம் செவிலியப் படிப்புக்குப் படியாக வேண்டும். பிறப்பால் வந்த வேலைக்கு மட்டும் சான்று, விரும்பிக் கற்ற வேலைக்கு இல்லை என்பது கூடாது.

மூன்றாவதாக, தேர்வு தமிழில் நடக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குச் செய்முறையும் வாய்மொழியும் போதும். சோதிப்பவர் குழுவில் பட்டியல் சமூகத்து வல்லுநர் ஒருவராவது இருக்க வேண்டும். கடைசியாக, கிரெடிட் தரும் எந்தப் படிப்பானாலும், எட்டு வாரமே ஆனாலும், அதில் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் செல்ல வேண்டும். இது சலுகை கேட்பதல்ல. அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946-இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்கள் படிப்பதற்காகக் காலை வேளையில் வகுப்பு வைத்தது. உழைக்கிறவரின் நேரத்துக்கு ஏற்பக் கல்லூரி தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. அதைத்தான் இன்று எல்லாக் கல்லூரிகளிடமும் கேட்கிறோம்.

இப்போதே செய்யக்கூடியவை

பணம் கேட்கும் இணையப் படிப்பில் சேருவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். இதைக் கொடுப்பது யார், அரசு அங்கீகாரம் உண்டா? எத்தனை கிரெடிட், எந்த நிலை? என் கல்லூரி இதை ஏற்கும் என்று எழுத்தில் தருமா? தேர்வுக் கட்டணத்தில் பட்டியல் சமூகத்துக்குச் சலுகை உண்டா? பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். பளபளக்கும் பேட்ஜுகள் பத்து இருப்பதைவிடப் பல்கலைக்கழகம் ஏற்கும் மூன்று கிரெடிட் மேல்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தனித்தேர்வராக எழுதலாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். தொழில் அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற அரசு ஆண்டுதோறும் விண்ணப்பம் கேட்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யிலோ தேதியையும் தகுதியையும் விசாரியுங்கள். காலணி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கும், கட்டுமானத் தொழிலாளர்களுக்கும், நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் நல வாரியங்கள் இருக்கின்றன. அந்த அட்டை இருந்தால் நாளைக்கு அனுபவத்துக்கு அதுவும் ஓர் ஆதாரம்.

இன்னொரு வேலை மாணவர்களுக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ எந்த ஆண்டு எந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார், என்னென்ன செய்யத் தெரியும், யாருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார் என்று தேதி போட்டு எழுதுங்கள். பழைய அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, கூலிச் சீட்டு எது கிடைத்தாலும் ஒட்டி வையுங்கள். தென்னாப்பிரிக்கத் தொழிலாளர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் அனுபவத் தொகுப்பு என்பது இதுதான். அடுத்த கிராம சபையில், நம் ஊராட்சியில் வேலை தெரிந்தும் சான்று இல்லாதவர்கள் இத்தனை பேர், இவர்களுக்கு முன்கற்றல் தேர்வும் அடுத்த படிப்புக்கு வழியும் வேண்டும் என்று அந்த நோட்டுகளை வைத்துத் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.